ஓர் ஆள் அகலம்

ஔலு நகரில் இரவெல்லாம்
பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறாள் தைமி.
பகலில்
(பகலென்று பெரிதாக ஒன்றுமில்லை, டிசம்பரில்)
டயர்க் கிடங்கின் பின்னறையில் கிட்டார்.
டிரம்ஸில் வெய்க்கோ, கையுறையைக் கழற்றாமல்.

"உங்கள் பாட்டெல்லாம் ஏன் இப்படிச் சிரிக்கிறது?"
உள்ளூர் வானொலிக்காரன் கேட்டான்,
குற்றமொன்றைக் கண்டுபிடித்தவன் மாதிரி.

கொஞ்சம் யோசித்தாள்.
சோகம் தானாகவே விழும்,
அதற்கு நான் எதற்கு?
நான் எழுதுவது
வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை
ஓர் ஆள் நடக்கிற அகலம்,
அவ்வளவுதான்.
விடிவதற்குள் மூடிவிடும்.
தெரியும்.

சனிக்கிழமை பதினாலு பேர் வந்திருந்தார்கள்.
இரண்டாம் பாட்டில் ஆம்ப் செத்துப்போனது.
வெய்க்கோ நிறுத்தவில்லை.
கோரஸை வெறும் தொண்டையில் இழுத்தாள் தைமி,
மேலே போகப்போகப் பிசிறடித்தது.

கதவோரம்
வேலை முடிந்து வந்த செவிலி ஒருத்தி,
பூட்ஸில் பனி இன்னும் உருகவில்லை,
கோட்டும் பையுமாக
ஆடத் தொடங்கினாள்.
தாளம் சுத்தமாகத் தப்பு.

வெய்க்கோ அவள் கால்களையே பார்த்தான்.
பிறகு
தன் தாளத்தை மாற்றிக்கொண்டான்.