கேத்தியில் கேரட் கழுவும் இரவு

இரண்டரை மணிக்குப் பிக்கப் வரும்.
தலையில் விளக்கு, தோளில் ரெயின்கோட்,
ஃபிளாஸ்க் நிறைய வரக்காப்பி.
பதினான்கு மாதமாய்
உம்மோடு நான் பேசுவதில்லை.
உமக்கே தெரியும்.

கோவிலுக்கு வரத்தான் செய்தேன்.
காணிக்கைப் பையில் பத்து ரூபாய் போட்டேன்.
பாட்டு எடுத்ததும் குனிந்து
பாயில் பிரிந்த கோரைகளை எண்ணினேன்.
முன்பெல்லாம்
இந்தத் தொண்டைக்காகத்தான்
கீதப் பவனியில் ஹார்மோனியக்காரர்
கட்டையை ஏற்றிப் பிடிப்பார்.

கல்லாறு வளைவில் ஒபேத்தின் வண்டி சாய்ந்த அன்று
லோடு முழுக்கக் கேரட்.
ரோடெல்லாம் உருண்டு கிடந்ததாம்.
எதை எதையெல்லாம் பொறுக்கினார்கள் என்று
நான் கேட்கவில்லை.
பதினாறாம் நாள் கூலிக்கு வந்து
அதே காயைத்தான் கழுவினேன்.
இந்தப் பள்ளத்தாக்கில் வேறென்ன இருக்கிறது?

ஆறுதல் சொல்ல வந்தவர்கள்
உம்முடைய சித்தம் என்றார்கள்.
டீத்தூள் தீர்ந்துவிட்டது என்று அனுப்பிவைத்தேன்.
போதகர் மட்டும் ஒன்றும் சொல்லாமல்
உடைந்த தாழ்ப்பாளை மாற்றிவிட்டுப் போனார்.

நேற்று உறைபனி.
புல்லெல்லாம் உப்புப் பூத்திருந்தது.
போஜன் கவுடரின் மிஷின் ஓடும்போது
பக்கத்தில் நிற்கும் மல்லிகேஸ்வரி
கத்தினாலும் காதில் விழாது.
அந்த இரைச்சலுக்குள்
எப்போது நுழைந்தேன், தெரியவில்லை.

முதலில் அது பாட்டே இல்லை.
விரல் மரத்துப்போன முனகல்.
ஏன் என்கிற ஒற்றைச் சொல்,
ஏறி, இறங்கி, இன்னும் ஏறி.
பிறகு அதற்கொரு ராகம் வந்தது.
ராகத்தின் பின்னால்,
கூப்பிடாமலே கூடவரும் நாய்போல,
ஸ்தோத்திரம் வந்தது.
நான் துரத்தவில்லை.

சட்டென்று கரண்ட் போனது.
உருளை நின்றது, தண்ணீர் நின்றது,
என் குரல் மட்டும் நிற்கத் தெரியாமல்
தலைவிரித்தபடி
இருட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தது.
எட்டுத் தலைவிளக்குகள் என் பக்கம் திரும்பின.

மாரியம்மனுக்கு மாலை போட்டிருந்த மல்லிகேஸ்வரி
"நிறுத்தாதக்கா, குளிருது" என்றாள்.

பாடினேன்.
இரண்டாம் அடி மறந்திருந்தது.
முதலடியையே நாலு தரம் பாடினேன்,
தேய்ந்த தகரத்தில் ஆணி இழுத்த குரலில்.
யாரோ தாளத்துக்கு
காலிக் கூடையைத் தட்டினார்கள்.

ஒபேத் திரும்பி வரவில்லை, ஆண்டவரே.
அந்தக் கணக்கு
நமக்குள் அப்படியே இருக்கிறது.
நான் தள்ளுபடி செய்வதாயில்லை.
நீரும் கேட்கவேண்டாம்.

ஆனாலும் இதைச் சொல்லிவிடுகிறேன்:
கரண்ட் வந்து மிஷின் உறுமியதும்
சேறு கழன்ற கேரட் ஒரு கூடை
பளீரென்று என் கைகளில் கொட்டியது.
முகத்தில் ஏதோ இழுப்பதுபோல் இருந்தது.
ஈரக் கையால் தொட்டுப் பார்த்தேன்.
என் வாய்
சிரித்துக்கொண்டிருந்தது.