வந்தது, வழங்கவில்லை

தனுஷ்கோடிச் சுங்கக் கொட்டகையில்
இரண்டாம் குமாஸ்தா நான், கயத்தான் மிராந்தா.
தலைமன்னார்க் கப்பலில் ஏறுவது, இறங்குவது,
சிப்பத்துக்கு இத்தனை, பெட்டிக்கு இத்தனை.
வரி கட்டாத சாமானுக்கு
ஒரு முத்திரை வைத்திருந்தேன்:
வந்தது, வழங்கவில்லை.

கப்பலின் கொதிகலனுக்கு ஹன்னா துரை.
இறங்குதுறையின் இரும்புத் தூண்களுக்குக் கெவனா துரை.
இருவரும் ஒரே தீவு என்று தெரிய
எனக்கு நாலு மாதம் பிடித்தது.
ஒரே ஊருக்கு
ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள்.

அந்தியானால் தார்ப்பீப்பாயைக் கவிழ்த்துச் சீட்டு.
காற்றில் பறக்காமலிருக்க
கட்டின்மேல் மூக்குடைந்த சங்கு ஒன்று.
அயர்லாந்தை அயர்லாந்தே ஆளட்டும் என்பார் கெவனா,
ஒரு ராஜாவை இறக்கி.
அது ஹோம் ரூல் இல்லை, ரோம் ரூல் என்பார் ஹன்னா,
துருப்பால் அதை வெட்டி.
பெல்பாஸ்டில் அவர் தம்பி
ஆள விடமாட்டோம் என்ற பத்திரத்தில்
கையைக் கீறி ரத்தத்தால் கையெழுத்திட்டவனாம்.
"மசி கிடைக்கவில்லையா?" என்றார் கெவனா.
அதோடு மூன்று நாள் பேச்சில்லை.
ஆட்டம் மட்டும் நடந்தது.
"உன் முறை என்று அவரிடம் சொல்."
"தெரியும் என்று இவரிடம் சொல்."
நடுவில் நான்,
கப்பல் வந்தால் தூக்கிக்கொள்ளும் பாம்பன் பாலம்.

தோணிக்காரர் சீனி நெய்னா கேட்டார்,
"என்னப்பா சண்டை?"
வீட்டை வீட்டுக்காரனே ஆள்வது பற்றி என்றேன்.
"அதுக்கு எதுக்குச் சண்டை?"
உள்ளே ஓர் அறை மாட்டேன் என்கிறது.
வெற்றிலையைத் துப்பிவிட்டுத்
தீடைகளின் பக்கம் கையைக் காட்டினார்.
"நேத்து ஏழு. இன்னைக்கு அஞ்சு.
எவன் எண்ணி எவனுக்குக் குடுக்கிறது?"

எம்டன் சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைக்
கொளுத்திவிட்டுப் போன வாரம்
ரயிலில் வந்த பத்திரிகையில், உள்பக்கத்தில், ஆறே வரி.
மசோதாவுக்கு மன்னர் ஒப்புதல்.
கெவனா தொப்பியைக் கடலில் எறிந்தார்.
தலைமைக் குமாஸ்தா வரதாச்சாரி என் காதில்,
"அடுத்தது நாம்தான், பார்."
கடைசி வரியை நான்தான் வாசித்தேன்:
யுத்தம் முடியும்வரை
அமல் நிறுத்திவைக்கப்படுகிறது.
தொப்பியை அலை
திருப்பிக் கொண்டுவந்து போட்டது.
சிரிக்கப் போன ஹன்னாவும் சிரிக்கவில்லை.
நிறுத்திவைத்தது
என்றைக்காவது வந்துவிடும்.

அன்றிரவு அவர் கேட்டார்:
"உங்களுக்கும் ஒருநாள் கிடைக்கும், மிராந்தா.
அப்போது உன் தலைமேல் யார்?"
கெவனா என்னைப் பார்த்தார்.
வேர்க்காட்டுச் சந்தியாகப்பர் முன்
நானும் அவரும் ஒரே பூசைக்கு முழந்தாளிடுகிறவர்கள்,
அந்த நம்பிக்கை.
நான் வரதாச்சாரியின் பானையை நினைத்தேன்.
தாகமென்றால் வெளியே நின்று
கை குவிக்க வேண்டும்.
அவர் நல்லவர், ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றுவார்.
ஹன்னாவின் பயம் எனக்குப் புரிந்தது.
புரிந்ததுதான் பிடிக்கவில்லை.
பெல்பாஸ்டில் பானை யார் கையில் என்று
கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை. துரை.

ஐப்பசியில் இருவருமே பட்டாளத்துக்குப் பெயர் கொடுத்தார்கள்.
அந்தச் சட்டம் வர வேண்டும் என்று ஒருவர்.
வந்துவிடக் கூடாது என்று ஒருவர்.
ஒரே கப்பல்.
பாதி வழியில் கடல் புரள,
இருவரும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு
வாந்தியெடுத்ததாகத்
திரும்பி வந்த லஸ்கர் சொன்னான்.

பீப்பாயின்மேல் சீட்டுக்கட்டு இருந்தது,
சங்கும் அப்படியே.
எண்ணினேன். ஐம்பத்தொன்று.
பேரேட்டில் எழுதினேன்:
சீட்டுக்கட்டு, ஒன்று. உரியவர், இருவர்.
முத்திரை எடுத்தேன்.
உப்புக்காற்றில் மசி காய்ந்துபோயிருந்தது.
எச்சில் தொட்டு
இன்னொரு முறை அழுத்தினேன்.