ஒன்றுக்கு நூற்றறுபது

ஈசூன் வீட்டு வெடிகுண்டுக் காப்பறையில்
அரிசி மூட்டைக்கும் பழைய மின்விசிறிக்கும் நடுவே
என் புக்கிட் தீமா பாலம்.
துருவை மட்டும் மூன்று வாரம் தீட்டினேன்
பல்குச்சி நுனியால்.
மழைக்கறை இன்னும் சரியாக வரவில்லை.

இரவு பதினொன்று. டீசல் வண்டி
பாலம் ஏறி, லாலாங் புதர் தாண்டி
சட்டென்று சரிந்தது.
பெட்டிகள் மூன்று குப்புற.

தண்டவாளத்தில் ஒரு பாஸ்மதி.
அளந்தேன்: ஆறரை மில்லிமீட்டர்.
என் ஊரில் அது ஒரு மீட்டர்ப் பாறை.

மெஹருன் எட்டிப் பார்த்தாள்:
"நாளைக்குச் சோறா, ரொட்டியா?"

பாறையை நான் எடுக்கவில்லை.
ஆரஞ்சுச் சட்டைத் தொழிலாளர் நால்வரை
இடுக்கியால் சுற்றி நிறுத்திக்கொண்டிருந்தேன்.
ஒருவன் கையில் சிவப்புக் கொடி.
எல்லாச் சேவையும் ரத்து,
விடியும்வரை.