சரஸ்வதி ஊரில் இல்லாத நாள்

குறும்பனையில் வேன் கிளம்பும்போது
பதினாலு பேர் பாடகர்கள், ஒருத்தன் செவிடன்.
இருபத்தாறு வருஷம் வள்ளத்து இன்ஜினுக்குக்
கொடுத்துவிட்ட காதில் மிச்சம் இருப்பது
தகரக்கூரையில் நிற்காத ஒரு மழை.

சகாய ஃப்ளோரி கோயில் பாட்டுக்குழுவில் ஆல்டோ.
புருஷன்மாருக்கும் இடமுண்டு என்று
பின்சீட்டில், சோற்றுப் பாத்திரங்களுக்கு நடுவே
என்னையும் ஏற்றினாள்.

தக்கலை தாண்டியதும் வேளிமலை
ஜன்னலை அடைத்துக்கொண்டு வந்தது.
முன்சீட்டு வாய்கள் ஒன்றாகத் திறந்தன, ஒன்றாக மூடின,
வலையில் ஏறிய சாளை மாதிரி.
பாடுகிறார்கள் என்று புரிந்துகொண்டேன்.

பத்மநாபபுரம். செருப்பைக் கழற்றினோம்.
கறுப்புத் தரையில் ததேயுஸ் மாஸ்டரின் தொந்தி
தலைகீழாக எங்களுக்கு முன்னே நடந்தது.
நவராத்திரி மண்டபம் வந்ததும்
தோள்கள் குலுங்கின: தொண்டையைச் செருமுகிறார்கள்.
ராஜா காலத்துக் கச்சேரி இடம்,
ஒரு வரியாவது பாடிவிட வேண்டும்.

காவலாளி கையை ஆட்டினார்.
பிறகு என்னவோ சொன்னார், முகங்கள் விழுந்தன.
ஃப்ளோரி என் பக்கம் திரும்பி
உதட்டை மெதுவாகப் பிரித்தாள்:
"பாடப்பிடாதாம். சரஸ்வதியும் இல்லையாம்.
யானையில ஏறி திருவனந்தபுரம் போயாச்சாம்,
பூசை கழிஞ்சுதான் வருவாளாக்கும்."

கல்தூண்கள் நின்றன.
பதினாலு பேரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள்.
அரை பீடி எரியும் நேரம்
அவர்கள் கேட்டது எதுவோ
அதையே நானும் கேட்டேன்.

சும்மா சொல்லக்கூடாது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ராணிமார் மறைந்திருந்து பார்த்த
சல்லடைச் சுவருக்குப் பின்னால் போய்
துளையில் கண்ணை வைத்தேன்.
ஃப்ளோரியின் கழுத்து நரம்பு அசைந்தது.
காவலாளிக்குத் தெரியாமல்
உள்ளுக்குள்ளே முனகுகிறாள், கள்ளி.
எந்தப் பாட்டு என்று கேட்கவில்லை,
கேட்டால் நிறுத்திவிடுவாள்.

முற்றத்துக்கு வந்தோம்.
திடீரென்று எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.
மணிக்கூண்டு.
டிரைவர் மகன் ஜெனோவின், ஆறு வயசு,
விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டே வந்தான்.
பத்து ஆனது. இன்னும் அடிக்கிறது போல.
சுற்றிலும் பார்த்தான்,
பக்கத்தில் சும்மா தொங்கிய என் கையை இழுத்து
சுண்டு விரலை மடக்கினான்,
அடுத்த விரலையும்.

ரெண்டையும் நிமிர்த்தாமலே
மற்ற மூன்று விரலால்
சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கி இறக்கினேன்.