ஜெனிலின் கணக்கில்

இந்தக் கடிகாரத்துக்கு நான் ஆண்.
வயது முப்பத்திமூன்று, எடை எண்பத்தொன்று,
பெயர் ஜெனில்.

குவைத் பெட்டியில்
கோடாலித் தைலத்துக்கும் பால்பொடி டப்பாவுக்கும் இடையில்
துண்டில் சுற்றிக் கிடந்தது.
"எனக்கு முட்டு வலிக்கா, நீ கெட்டிக்கோ" என்றான் தம்பி.
புதுக் கணக்கு தொடங்க மெயில் கேட்டது.
பிறகு பார்க்கலாம் என்று
அவன் கணக்கிலேயே ஓடத் தொடங்கினேன்.

ரேஷன் கடையில்
ஊருக்கெல்லாம் சீனி அளப்பவள் நான்.
ஆஸ்பத்திரியில் எனக்கு அளந்தபோது
இருநூற்று நாற்பது.

ஆரல்வாய்மொழியில் விடிவதற்கு முன்பே
காற்று எழுந்துவிடும்.
முப்பந்தல் வரை அது முதுகைத் தள்ளும்.
தோவாளைச் சந்தைக்கு விரையும் பூ வண்டிகள்
பிச்சி மணத்தை என் முகத்தில் விசிறிப் போகும்.
கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம்;
அந்த நேரம் நானே ஒரு லாரி.

திரும்பினால்
சுடிதார் உடம்போடு ஒட்டிக்கொள்ளும்,
வாய் நிறைய மணல்.
ஆடி மாதத்தில் இடுப்பில் கயிறு கட்டி
யாரோ பின்னால் இழுப்பதுபோல்.
கடிகாரம் மணிக்கட்டில் அதிர்ந்து சொல்கிறது:
"ஜெனில், உங்கள் செயல்திறன் குறைந்துவருகிறது."

சாலையோரம் வரிசையாய் நிற்கும் காற்றாலைகளுக்கு
இதே காற்று யூனிட் யூனிட்டாய் வரவு.
எனக்கு மட்டும் கழிவு.

பகலில் செல்லத்தங்கம் வந்தாள்.
அண்டியாபீசில் முந்திரித் தோடு உடைத்து
பால் பட்டு வெந்த விரல்கள்.
ஒவ்வொன்றாய் வைத்துப் பார்த்தோம்,
ரேகை பொருந்தவில்லை என்றது மெஷின்.
"உயிரோட முன்னால நிக்கேன், அதுக்குத் தெரியல்லியா?"
அந்நேரம் பார்த்து என் மணிக்கட்டு:
"நகர வேண்டிய நேரம்!"
சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.
அரிசியை நோட்டில் எழுதிக் கொடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி கூப்பிட்டான்.
"எக்கா, நீ ஓடுகதுக்கு எனக்குத் திட்டு.
வரைபடத்துல ஆரல்வாய்மொழின்னு காட்டுகாம்.
சொல்லாம லீவுல போயிட்டியான்னு
ரூம்ல இருக்கவனே கேக்கான்."
"நீ என்னலே சொன்ன?"
"மாசம் அஞ்சு கிலோ குறைச்சிருக்கேன்னு சொன்னேன்."
பிறகு கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும்
மின்விசிறிச் சத்தம் மட்டும்.

மாதக் கடைசி.
இருப்புக் கணக்கு, அதிகாரி வருகை,
பாமாயில் பாக்கெட்டில் நாலு குறைவு.
மூட்டைகளை எண்ணி முடித்து
இரவு பத்தரைக்கு வந்து படுத்தபோது
நாற்பத்தோரு நாள் தொடர்
அறுந்துபோகும் என்று தெரிந்தும்
காலை மடக்கக்கூட முடியவில்லை.
"நாள் முடிய இன்னும் ஒரு மணி நேரம், ஜெனில்!"
போலே, என்று கழற்றிச்
சார்ஜில் போட்டேன்.

விடியலில் போனைத் திறந்தால்
தொடர் அறுந்திருக்கவில்லை.
நாற்பத்திரண்டு.
இரவில் ஓடியிருக்கிறது கணக்கு:
ஒன்று புள்ளி மூன்று கிலோமீட்டர்,
நடையை விடச் சற்றே வேகம்.
வரைபடத்தில் கடல் இல்லை, மலை இல்லை,
ஒரே கட்டடத்தை ஏழு தடவை சுற்றிய
நீலக் கோடு.
ஒரு மூலையில் மட்டும்
கோடு முடிச்சுப் போட்டிருந்தது.
அங்கே நின்று முட்டைப் பிடித்திருப்பான்.

நான் கேட்கவில்லை.
அவனும் சொல்லவில்லை.
தைலம் தீர்ந்துவிட்டதா என்று மட்டும்
செய்தி அனுப்பினான்.

காற்றுக்குள் இறங்கினேன்.
இன்று திரும்பும்போது ஒன்பதரை நிமிடம்,
என் வாழ்விலேயே மோசமான வேகம்.
வீட்டு நடையில் உட்கார்ந்து
ஷூவுக்குள்ளிருந்து மணலைக் கொட்டும்போது
கடிகாரம் முடிவு சொன்னது.
ராத்திரி குவைத்திலும்
விடிந்தபின் ஆரல்வாய்மொழியிலும் ஓடிய
இந்த ஜெனிலுக்கு
நாற்பத்தெட்டு மணி நேர ஓய்வு தேவையாம்.

எட்டரைக்குச் சீனி லோடு வருகிறது.
கடைச் சாவியைத் தேடி எடுத்தேன்.