ஐம்பத்தோரு அங்குலம்

டேல் ரொஸ்கோ அனுப்பிய படத்தில்
முழங்கை மடங்காத இரண்டு கைகள்.
மீன் கேமராவை முட்டுகிறது.
அவ்வளவு அருகில் வந்தால் எதுவும் பெரிசுதான்.
மஸ்கி. ஜூலை. ஐம்பத்தோரு அங்குலம்.
பிடித்து, முத்தமிட்டு,
ஏரியில் விட்டாயிற்று என்று எழுதியிருந்தான்.

நீளத்தை அளப்பதற்கும் கதை அளப்பதற்கும்
எங்களிடம் ஒரே சொல்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
ஐம்பத்தோரு அங்குல அச்சு அலமாரியில் இருந்தது.

கீவாட்டினில் ஒரு பழைய படகுக் கொட்டகை.
கண்ணாடியிழைப் பிசினின் நாற்றம்
ஜனவரியிலும் கதவைத் திறக்க வைக்கும்.
வயிற்றோரத் தையலை உப்புத்தாளால் தேய்த்து,
வெள்ளை அடித்து, மேலே முத்துப்பொடி,
பிறகு பச்சை, பச்சைக்குள் பழுப்புப் பட்டைகள்,
செதில் நுனிகளில் நகக்கீறல் அளவு தங்கம்.

முன்பு ஸ்கார்பரோவில்
மோதி நசுங்கிய கார்களுக்கு வண்ணம் அடித்தேன்.
எதுவும் நடக்காத மாதிரி காட்டுவது
அங்கே வேலை.
இங்கே, நடந்த மாதிரி.

கண்ணை மீன் என்று பாடிய மொழிக்காரி,
மீனுக்குக் கண் வாங்க விலைப்பட்டியல் புரட்டுகிறேன்.
இருபது மில்லிமீட்டர், கண்ணாடி, ஜோடியாகத்தான் தருவார்கள்.

சிலர் அசல் தோலையே கொண்டுவருவார்கள்,
ஐஸ் பெட்டியில், ஈரத்துணி சுற்றி.
‘இது நிஜம்’ என்பார்கள்.
காய்ந்தால் அது பழஞ்செருப்பின் நிறம்.
நிஜத்துக்கும் நான்தான் பூசவேண்டும்.

டேலின் மீனுக்கு
இடது செவுள்மூடியில் ஒரு தழும்பு, ‘ட’ எழுத்து மாதிரி.
அதை ஒட்டி மூன்று புள்ளி.
படத்தைப் பெரிதாக்கி
ஒரு பகல் முழுக்க அந்த நாலு விரற்கடைக்குள் குடியிருந்தேன்.
கை மறக்காது.

அடுத்த வருடம் செப்டம்பரில்
பல் மருத்துவர் லின்னியா ஹோம் வந்தார்.
அவர் படத்தில் மீன் மடியில் கிடந்தது,
அருகே அளவுப்பட்டை,
சுற்றளவு தனியாக ஒரு சீட்டில்.
நாற்பத்தெட்டரை.
இடது செவுளில் ‘ட’.
மூன்று புள்ளி.

காற்றுத்தூரிகையைக் கீழே வைத்தேன்.
பதினாலு மாதத்தில்
இரண்டரை அங்குலம் குட்டையாகிவிட்டது
டேலின் மீன்.

யாரிடம் சொல்ல?
அவன் பாரில், விளக்குக்கு நேர் கீழே அது தொங்குகிறது,
பித்தளைத் தகட்டில் எண்ணோடு.
இவருக்கோ வாழ்வின் முதல் மஸ்கி.
வேறொருவன் விட்டது இது என்றால்
இவருக்கு என்ன குறையும், தெரியவில்லை.
ஏதோ குறையும்.

‘தழும்பும் வேண்டுமா?’ என்றேன்.
‘சிலர் வேண்டாம் என்பார்கள்.’
‘அது இல்லாவிட்டால் இது எது?’ என்றார்.

ஆகவே இரண்டாம் முறையும் அதே ‘ட’.
கடைசியில், கண்மேல் ஒட்டியிருந்த காகிதவட்டத்தை
நகத்தால் உரித்தேன்.
சிலைக்குக் கண் திறப்பவர்கள்
ஏன் நேரே நிற்பதில்லை என்று புரிந்தது.
பயப்பட ஒன்றுமில்லை. அது என்னைப் பார்க்கவில்லை,
என் தோளுக்குப் பின்னால்,
ஜன்னலைப் பார்த்தது.

மருத்துவமனையில் எங்கே மாட்டலாம் என்று கேட்டார்.
நாற்காலியில் மல்லாந்து, வாயைத் திறந்து,
கண்ணை ஓட்டினேன்.
‘அங்கே’ என்றேன்.

நவம்பரில் டேலுக்குக் கடைவாய்ப்பல்.
இது ஊர் சொல்லித் தெரியும்.
உதட்டோரம் கொக்கி, முகத்தில் வெளிச்சம்,
ஒரு வார்த்தை பேச வழியில்லாமல்
முக்கால் மணிநேரம் கிடந்திருக்கிறான்
அதற்கு நேர் எதிரே.

போன வாரம் பாருக்குப் போனேன்.
மீன் அதே இடத்தில்.
பித்தளைத் தகட்டைக் காணோம்,
இரண்டு திருகாணித் துளைகள் மட்டும்.
என் கோப்பையை வைத்துவிட்டு
மேசையை வேண்டிய மட்டும் துடைத்தான்.

ஏரியில் பனிக்கட்டி எத்தனை அங்குலம்
என்று கேட்டேன்.

‘அளக்கவில்லை’ என்றான்.