சலவைப் பை எண் 61

கனடாவுக்கு நான்கு தள்ளுவண்டி.
ஆஸ்திரேலியாவை எண்ணுவதையே விட்டுவிட்டோம்.
அறுபத்தொன்றுக்கு ஒரே ஒரு பை,
அதிலும் பாதி காற்று.

கிளாஸ்கோ, டால்மார்னக், இரவு ஷிப்ட்.
கிளைடு ஆற்றின் மேல் மழை.
இது ஜூலை என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

அந்த நாட்டை ஒருமுறை தேடிப் பார்த்தேன்.
நிலத்தில் இடம் போதாமல்
பெயரைக் கடல்மேல் எழுதியிருந்தார்கள்.
வந்தவர்கள் ஐந்து பேர்.
ஓட இருவர், நீந்த ஒருவன், குண்டெறிய ஒருத்தி,
மிச்சமிருந்தவரே பயிற்சியாளர், மேலாளர், வைத்தியர்,
கொடி பிடித்தவரும் அவர்தான்.

பதினொன்றரைக்கு லுசேயா கவுண்டருக்கு வந்தாள்.
"இது ஒன்றுதான் இருக்கிறது.
காலை ஒன்பதே காலுக்கு ஓட வேண்டும்."
நீல பனியன், மஞ்சள் நட்சத்திரம் ஏழு.
ஏழாவது பாதி உரிந்து தொங்கியது.

இரண்டு நாட்டை ஒரே இயந்திரத்தில் போடக் கூடாது,
சாயம் ஏறும்.
ஆகவே பத்துக் கிலோ டிரம்முக்குள்
அந்த பனியன் தனியாகச் சுற்றியது
ஒரு மணி நேரம்.

தைப்பது எங்கள் வேலை இல்லை.
மோராக் இழுப்பறையைத் திறந்து
ஊசியை மேசையில் வைத்துவிட்டு
தேநீர் குடிக்கப் போனாள்.
மஞ்சள் நூல் கிடைக்கவில்லை;
தலையணை உறைக்கான வெள்ளைதான்.
கிட்ட வந்து பார்த்தால் தெரியும்.
நாற்பதாயிரம் பேரில்
யார் கிட்ட வரப்போகிறார்கள்?

காலையில் வீட்டுக்குப் போகாமல்
உணவகத் தொலைக்காட்சி முன் நின்றேன்.
எட்டாவது பாதை.
அவள் பெயரில் அறிவிப்பாளர் தடுக்கி விழுந்தார்.
அவள் விழவில்லை.
முதல் மூவர் கோட்டைத் தாண்டியதும்
காமிரா அவர்களோடு போய்விட்டது,
மாப்பிள்ளை பின்னாலேயே அலையும்
கல்யாண வீடியோக்காரன் மாதிரி.
என் வெள்ளைத் தையல்
படத்துக்கு வெளியே
இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு பட்டியல் வந்தது. கடைசி வரி.
பக்கத்தில் இரண்டு எழுத்து.
தேசிய சாதனை என்று அர்த்தமாம்.
"அந்தத் தீவில் இதுவரை பிறந்த
எந்தப் பெண்ணும் இவ்வளவு வேகமாக ஓடியதில்லை"
என்றாள் மோராக், ரொட்டியை மென்றபடி.
நான் மட்டும் கை தட்டினேன்.
துடைப்பத்தோடு நின்ற பையன் திரும்பிப் பார்த்தான்.

இரவு பை வந்தது, பாதி காற்றோடு.
பனியனில் எண் அட்டை இன்னும் இருந்தது.
ஊக்கு நான்கையும் கழற்றினேன்.
நட்சத்திரம் பிடித்துக்கொண்டுதான் இருந்தது.

பைக்குள் ஒரு சீட்டு:
நாளை இருநூறு மீட்டர். பத்து மணி.
இதே பனியன்.